ட்ரோய்ப் பெண்டிர்: கிரேக்க விழுமியங்கள் பற்றிய ஒரு மறுநோக்கு

பண்டைக் கிரேக்கக் கலைகள் ஒரு குறிப்பிட்ட சமூக வளர்ச்சிக் கட்டத்தின் விளைபொருள்களாயின், அக்கட்டம் மறைந்தொழிந்த பின்னரும் அவை நம்மை ஈர்ப்பது எவ்வாறு என்னும் வினாவைக் கார்ல் மார்க்ஸ் 1857இல் எழுப்பினார். மனித குலத்தின் குழந்தைப் பருவம் மீண்டும் வாராதது. ஆகவே அது கவர்ச்சியுடையது என்பது அவர் தாமே தந்த விடையாகும். ஹோமரின் காவியங்களுக்கு இவ்விடை ஓரளவு பொருந்தலாம். கி.மு. 5ஆம் நூற்றாண்டின் அதென்ஸ் நகரத்துக்கோ இது சிறிதும் பொருந்தாது. நட்பு நாடுகளிடம் திறை வாங்கி, லோரியன் வெள்ளிச் சுரங்கங்களில் அடிமைகளை உழைப்பித்து, வாக்கெடுப்பின் மூலம் போர் தொடுத்த ஒரு நகரைக் குழந்தை என்று கூறுவது எங்ஙனம்? வினா பெரிது, விடை சிறிது என்றே நாம் கருதுகின்றோம்.

கிரேக்க நாகரிகத்தைச் சமநிலையும் அமைதியும் பொலியும் ஓர் உன்னத உலகமாகக் காணும் நோக்கு, 1755இல் வெளிவந்த விங்கெல்மனின் நூலோடு ஐரோப்பாவில் வேரூன்றியது. அதற்கு மாறாக, அடிமை உழைப்பின் மேல் எழுந்த அந்நாகரிகம் பேசிய சுதந்திரம் வெறும் போலி எனத் தள்ளிவிடும் நோக்கும் உண்டு. முன்னையது பளிங்குச் சிலைகளை மட்டும் பார்க்கின்றது. பின்னையது அவற்றைப் பாராமலே தீர்ப்பு வழங்குகின்றது. இவ்விரண்டுக்கும் அப்பாற்பட்ட ஆய்வுமுறை ஒன்று ஈழத்து ஆய்வுலகுக்குப் புதிதன்று. ‘ஈஸ்கிலஸும் அதென்ஸும்’ என்ற நூலை 1941இல் வெளியிட்ட ஜோர்ஜ் தொம்சனிடம் பர்மிங்ஹாமிற் பயின்றவர்கள் பேராசிரியர்கள் க. கைலாசபதியும் கா. சிவத்தம்பியும். கைலாசபதி 1968இல் வெளியிட்ட தமிழ் வீரநிலைக் கவிதை பற்றிய ஆய்வும், சிவத்தம்பி 1981இல் வெளியிட்ட பண்டைத் தமிழ்ச் சமூகத்தின் நாடகம் பற்றிய ஆய்வும் அத்தொடர்பின் கனிகளாம். எனினும் அந்நூலிலே தொம்சனின் கவனம் முதன்மையாக ஈஸ்கிலஸ் மீதே, அதாவது ஜனநாயகம் மலர்ந்த காலத்தின் மீதே குவிந்திருந்தது. அந்த ஜனநாயகம் தன் சொந்த முரண்பாடுகளுள் அமிழ்ந்த காலத்தின் கவிஞன் யூரிப்பிடீஸ். அவனது ‘ட்ரோய்ப் பெண்டிர்’ நாடகத்தை ஈண்டு நோக்குவோம்.

இந்நாடகம் கி.மு. 415இன் இளவேனிலில், தியோனிசஸ் தெய்வத்துக்குரிய பெருவிழாவில் அரங்கேறியது. அவ்விழா அரசின் விழா. பாடற்குழுவைப் பயிற்றும் செலவைச் செல்வர் ஒருவர் மீது நகரம் கடமையாகச் சுமத்தியது. நட்பு நாடுகள் செலுத்திய திறைப்பணம் அதே அரங்கிற் காட்சிக்கு வைக்கப்பட்டது. போரில் மாண்டோரின் ஆண்மக்கள் படைக்கலம் அணிந்து அணிவகுத்தனர். இதற்குச் சில மாதங்களின் முன்னர், நடுநிலை வகிக்க விரும்பிய மீலோஸ் என்னும் சிறு தீவை அதென்ஸ் பணியவைத்து, வயதுவந்த ஆடவரைக் கொன்று, பெண்டிரையும் சிறுவரையும் அடிமைகளாக விற்றுவிட்டுத் தன் குடிகள் 500 பேரை அங்கே குடியேற்றியது. நீதி என்பது சமவலியுடையோருக்கிடையிலேதான் பேசத்தக்கது என அதென்ஸின் தூதுவர் வாதிட்டதாகத் துசிடிடீஸ் தம் வரலாற்றில் அமைத்துள்ளார்.

நாடகம் மீலோஸுக்கு அளித்த நேரடி மறுமொழி எனப் பலர் கூறுவர். இக்கூற்றை அப்படியே ஏற்பதில் இடர்ப்பாடுண்டு. மீலோஸ் வீழ்ந்தது குளிர்காலத்தில். மூன்று துன்பியல் நாடகங்கள் கொண்ட தொகுதி ஒன்றை எழுதிப் பயிற்றுதற்கு இடைப்பட்ட காலம் போதாது. ஆனால் மீலோஸ் முதலாவதுமன்று. கி.மு. 427இல் மித்திலீனியின் ஆடவர் அனைவரையும் கொல்ல வாக்களித்த பேரவை, மறுநாள் மனம் மாறி இரண்டாவது கப்பலை விரைந்தனுப்பியது. கி.மு. 421இல் ஸ்கியோனிக்கு அத்தகைய இரண்டாவது கப்பல் செல்லவில்லை. ஆகவே யூரிப்பிடீஸ் கருப்பொருளாகக் கொண்டது ஒரு நிகழ்ச்சியை அன்று, ஒரு வழக்கத்தை எனலாம்.

நாடகத்திற் கதை என்று சொல்லத்தக்கது மிகக் குறைவு. நகரம் ஏற்கெனவே வீழ்ந்துவிட்டது. ஆடவர் மாண்டனர். எஞ்சிய பெண்டிர் வெற்றி பெற்றோருக்குப் பங்கிடப்படுகின்றனர். முதுமகள் ஹெக்கூபா தொடக்கம் முதல் இறுதிவரை அரங்கில் நிற்க, ஒன்றன்பின் ஒன்றாகச் செய்திகள் வருகின்றன. ஹெக்ரரின் குழந்தையை மதிலிலிருந்து வீழ்த்திக் கொல்லும் முடிவு எவ்வாறு எடுக்கப்பட்டது என்பது கூர்ந்து நோக்கற்பாலது. அது ஒரு கொடுங்கோலனின் ஆணையன்று. கிரேக்கரின் அவையிலே ஒடிசியஸ் பேசினான். அவன் பேச்சு வென்றது. குழந்தை சாகவேண்டும் என்றாயிற்று. அவையிற் பேசி, கேட்டோரை இணங்கச் செய்து முடிவெடுத்தல் அதென்ஸ் தன் தலையாய விழுமியமாகப் போற்றிய ஒன்று. அவ்விழுமியமே கொலைக் கருவியாதலைப் பேரவையில் அமர்ந்து பழகிய குடிமக்களின் முன்னே கவிஞன் நிறுத்துகின்றான். செய்தியைக் கொணரும் தல்திபியஸ் கொடியவனல்லன், வெட்கப்படுகின்றான், எனினும் கடமையைச் செய்து முடிக்கின்றான். இத்தகைய அலுவலரை எக்காலத்தவரும் அறிவர்.

கிரேக்கர், காட்டுமிராண்டியர் என உலகை இரண்டாகப் பகுத்தல் அந்நாகரிகத்தின் மற்றொரு விழுமியம். அன்ட்ரோமக்கே அப்பழிச்சொல்லைக் கிரேக்கர் மீதே திருப்பி எறிகின்றாள். ஹெலனை நோக்கி ஹெக்கூபா நிகழ்த்தும் வாதம் நீதிமன்றப் பேச்சுக்குரிய ஒழுங்கோடு அமைந்து வெற்றியும் பெறுகின்றது. ஆனால் ஹெலன் தண்டிக்கப்படாமல் வீடு திரும்பியதை ஹோமரை அறிந்த பார்வையாளர் யாவரும் அறிவர். அறிவார்ந்த வாதம் வெல்கின்றது. அதனால் எதுவும் மாறுவதில்லை.

இத்துணை துணிவுடைய நாடகத்திற்கும் ஓர் எல்லை உண்டு. அதனை மறைத்துப் புகழ்தல் திறனாய்வாகாது. இங்கு அழுபவர்கள் நேற்றுவரை சுதந்திரமாக வாழ்ந்தோர். தலைமை மாந்தர் அரசகுலத்தவர். அடிமையாதல் பெருந்துயரமாகின்றது, அடிமைமுறை கேள்விக்குள்ளாகவில்லை. அரண்மனை வாயிலைக் காக்கும் கிழவியாகத் தான் ஆகவேண்டுமே என்று ஹெக்கூபா கலங்கும்போது, அவளது அரண்மனையில் அத்தொழிலைச் செய்த கிழவி யார் என நாடகம் கேட்பதில்லை. இரண்டாண்டுகளின் பின், ஸ்பார்ட்டா டெக்கெலியாவைக் கைப்பற்றியபோது, அதென்ஸின் அடிமைகள் 20,000க்கு மேற்பட்டோர் ஓடிச்சென்றனர் எனத் துசிடிடீஸ் குறிக்கின்றார். அவர்களது குரல் எந்தத் துன்பியல் நாடகத்திலும் பதிவாகவில்லை. அடிமைமுறை இயற்கைக்கு மாறானது எனக் கருதியோர் அக்காலத்து இருந்தனர் என்பதை நாம் அறிவதுங்கூட, அக்கருத்தை மறுக்க முனைந்த அரிஸ்டோட்டிலின் வாயிலாகத்தான்.

மார்க்ஸின் வினாவுக்கு விடை இவ்வெல்லைக்கு உள்ளேயே கிடைப்பதாக எமக்குத் தோன்றுகின்றது. தன்னைச் சுதந்திரமானது என அழைத்துக்கொண்டு பிறரை அடிமையாக்கும் அரசு என்னும் முரண்பாடு கிரேக்கத்தோடு முடியவில்லை. அம்முரண்பாட்டை, அதனால் நன்மை பெற்றோரின் செலவிலேயே அவர்கள் முன்னிலையில் நடித்துக் காட்டிய ஒரு நிறுவனம் அதென்ஸில் இருந்தது. நாடகத் தொகுதி இரண்டாம் பரிசு பெற்றது. முதற்பரிசு செனோக்கிளீஸ் என்பவருக்குப் போயிற்று. அதே ஆண்டில் அதென்ஸின் கடற்படை சிசிலிக்குப் புறப்பட்டு, கி.மு. 413இல் முற்றாக அழிந்தது.

ஆகவே இந்நாடகம் போர்க்காலங்களில் மீண்டும் மீண்டும் உயிர்பெறுவது வியப்பன்று. 1965இல் சார்த்தர் அதனைத் தழுவிப் பிரெஞ்சில் எழுதினார். சிரியாவிலிருந்து ஏதிலிகளாய் வந்த பெண்கள் 2013இல் அம்மான் நகரில் தம் சொந்தக் கதைகளை அதனோடு பின்னி நடித்தனர். நம் நாட்டிலும் போர் நிகழ்ந்த ஆண்டுகளிலே தர்மசிறி பண்டாரநாயக்க அதனைச் சிங்களத்தில் மேடையேற்றினார். அரசும் பேரினவாதமும் வெற்றியையே பேசிய ஒரு மொழியில், வீழ்ந்தோரின் தரப்பிலிருந்து ஒரு போரைக் காட்டியமையே அத்தயாரிப்பின் முதன்மை எனலாம். சார்த்தரின் தழுவலோ நிறைவளிப்பதாயில்லை. யூரிப்பிடீஸின் தெய்வங்கள் முன்னுரையிலே கிரேக்கக் கப்பல்களை அழிப்பதென உடன்பட்டுவிட்டு மறைந்துபோகின்றன. அதன்பின் அரங்கில் மனிதர் மட்டுமே. சார்த்தர் இறுதியிற் பொசைடனை மீண்டும் அழைத்துவந்து போரின் விளைவைப் பறைசாற்ற வைக்கின்றார். மூலத்தில் அந்த இடத்தில் நகரம் எரிகின்றது. பெண்கள் கப்பல்களை நோக்கி நடக்கின்றனர். எவரும் எதையும் விளக்குவதில்லை.