நூல்களின் முகப்பு

சொந்தப் பொருளைச் செலவிட்டு நூல் வெளியிடும் நம் கவிஞர்கள், ஓர் எழுத்துப்பிழைக்கு அஞ்சி நான்கு முறை மெய்ப்புப் பார்ப்பர். முகப்பை மட்டும் அச்சகத்தார் கையில் விட்டுவிடுவர். விளைவு நாம் அறிந்ததே. குத்துவிளக்கு, மயில், எழுஞாயிறு, இவற்றிடையே ஆசிரியரின் புகைப்படம்; நூற்பெயரோ மஞ்சள் விளிம்பிட்ட சிவப்பெழுத்தில் மூச்சுத் திணறும். முதுகிலே பெயரே இராது. அலமாரியில் நிறுத்தினால் அது அநாமதேய நூல்!

அழகின்மையையாவது பொறுக்கலாம். அந்த மயிலை வரைந்தவர் யார்? கேட்டால், இணையத்தில் கிடைத்தது என்பர். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் பாட்டைப் போலவே படத்தையும் காக்கிறது. ஓவியர் மறைந்த பின்னும் 60 ஆண்டுகள் அவ்வுரிமை நிற்கும். 1906இல் மறைந்த இரவிவர்மாவின் சரஸ்வதியை இன்று எவரும் முகப்பிலிடலாம். 1976இல் மறைந்த கோவில்பட்டி கொண்டைய ராஜுவின் தெய்வப்படங்களையோ, 2036 முடியும்வரை உரியவரைக் கேளாமல் இடலாகாது. உள்ளே ‘உரிமை ஆசிரியருக்கே’ என அச்சிட்டுவிட்டு, அட்டையில் பெயரறியா ஓவியனின் உழைப்பைக் கவர்ந்துகொள்வது எவ்வகை நியாயம்?

படம் வேண்டும் என்பதே கட்டாயமன்று. ஒரே வண்ணத் தாளில் நூற்பெயரையும் ஆசிரியர் பெயரையும் தெளிவாகப் பொறித்தால் போதும்; செலவும் குறையும். படம் இன்றியமையாததெனில், நம் சங்கத்துப் பிள்ளைகளிலேயே வரையத் தெரிந்தவர் உளர். அவர்க்குரிய ஊதியத்தைத் தந்து, பெயரையும் உள்ளே குறிப்பிடலாம்.