வானத்தை எவ்வளவு கறுப்பாக்கலாம்?

ஆன்சல் ஆடம்ஸின் 'மூன்ரைஸ், ஹெர்னாண்டஸ், நியூ மெக்சிகோ' படத்தைப் பற்றி யார் பேசினாலும் முதலில் வருவது அந்த லைட் மீட்டர் கதைதான். 1941 நவம்பர், மாலை நேரம். கல்லறைத் தோட்டத்தின் வெள்ளைச் சிலுவைகள் மேல் கடைசி வெயில். மேலே நிலவு. கேமராவை நிறுத்தியாகிவிட்டது, மீட்டரைக் காணோம். நிலவின் ஒளி சதுர அடிக்கு 250 கேண்டில் என்பது அவருக்கு நினைவிலிருந்தது. அதை வைத்து மனக்கணக்குப் போட்டு ஒரே ஒரு ஷாட். இரண்டாவது எடுப்பதற்குள் சிலுவைகள் மேலிருந்த வெயில் போய்விட்டது.

கதையில் எல்லோருக்கும் அந்தச் சாகசம் பிடிக்கிறது. எனக்கு அந்தக் கணக்கு பிடிக்கும். நிலவை நடுச்சாம்பலைவிட இரண்டு ஸ்டாப் மேலே வைத்தார். அதாவது, நிலவு வெறும் வெள்ளைப் பொட்டாகிவிடக் கூடாது. அதற்கு விலை, முன்னாலிருந்த புதர்க்காடு நெகட்டிவில் மிக மெலிசாகப் பதிந்தது. 1948இல் நெகட்டிவின் கீழ்ப்பகுதியை மட்டும் ரசாயனத்தால் அழுத்தமாக்க வேண்டியிருந்தது. எக்ஸ்போஷரைச் சமன்செய்வது என்றால் எல்லாவற்றுக்கும் சமமாகப் பங்கு பிரிப்பது இல்லை. எதை இழக்கவே முடியாது என்று முதலில் முடிவெடுப்பது.

இதுவரை நான் ஆடம்ஸ் பக்கம்தான். பிரச்சினை டார்க்ரூமில் ஆரம்பிக்கிறது.

அந்த ஒரு நெகட்டிவிலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிரிண்ட்கள் போட்டிருக்கிறார். ஆரம்பகாலப் பிரிண்ட்களில் வானம் சாம்பல். அதில் மெல்லிய மேகக் கீற்றுகள். வருடம் ஆக ஆக வானம் கறுத்துக்கொண்டே போகிறது. எழுபதுகளில் கிட்டத்தட்ட முழுக் கறுப்பு. கீற்றுகளைக் காணோம்.

கறுப்பு வானத்தில் நிலவு ஆளை அள்ளுகிறது, மறுக்கவில்லை. ஆனால் இப்போது மணி என்ன? சாயங்காலம் நள்ளிரவாகிவிட்டது. சிலுவைகள் மேல் இருப்பது கடைசி வெயில் என்று தோன்றுவதில்லை. யாரோ ஃபோகஸ் லைட் அடித்த மாதிரி இருக்கிறது. சாம்பல் வானமுள்ள பிரிண்டிலோ பகலும் இரவும் சில நொடிகள் சேர்ந்து நிற்கின்றன. அந்த நொடிகளுக்காகத்தானே மீட்டரில்லாமல் அவ்வளவு அவசரப்பட்டார்? நெகட்டிவ் இசைக்குறிப்பு, பிரிண்ட் கச்சேரி என்பது ஆடம்ஸின் வாதம். சரி, ஒவ்வொரு கச்சேரியும் ஒரே மாதிரி இருக்க வேண்டாம். ஆனால் ராகமே மாறிவிட்டால்? நெகட்டிவில் காப்பாற்றிய பொழுதைப் பிரிண்டில் விட்டுக்கொடுத்துவிட்டார் என்பதுதான் என் வாசிப்பு.

இன்று நம் போன்கள் இதையே எதிர்த்திசையில் செய்கின்றன. ஹெச்டிஆர் என்ற பெயரில் பல ஃப்ரேம்களை அடுக்கி, நிழலை ஏற்றி, வெளிச்சத்தை இறக்குகின்றன. ஜன்னலுக்கு உள்ளே இருட்டில் உட்கார்ந்திருக்கும் பாட்டியின் முகம் தெரியும். வெளியே கொடியில் காயும் துணியும் தெரியும். வெயில் சுட்டெரிக்கிறது என்பது மட்டும் தெரியாது.

ஒரு வித்தியாசம் உண்டு. கறுப்பு வானம் ஆடம்ஸ் எடுத்த முடிவு. அதனால் அவரோடு சண்டை போட முடிகிறது. போனில் அந்த முடிவை என்னைப் போன்ற யாரோ ஒரு இன்ஜினியர் எல்லாப் படங்களுக்கும் பொதுவாக எழுதி வைத்திருப்பார். பாட்டியின் முகத்தைப் பற்றி அவருக்கு எந்தக் கருத்தும் இல்லை. உங்களுக்கு இருக்கும். திரையில் எதைத் தொட்டு வெளிச்சத்தைக் கூட்டுகிறீர்கள், எதை இருட்டில் விடுகிறீர்கள் என்பதில்தான் அது தெரியவரும்.