கித்தார் இல்லாத இளைய நிலா

இளைய நிலா பாட்டின் முதல் மூன்று சொற்களுக்குள் ள, ல, ழ மூன்றும் வரிசையாக வந்துவிடுகின்றன. நினைவு தெரிந்த நாளிலிருந்து கேட்டுவரும் பாட்டு அது. கேசட்டில், பஸ்ஸில், கல்யாண வீட்டுக் குழாய் ஸ்பீக்கரில், திருவிழா மேடையில் என்று கணக்கில்லாமல் கேட்டாயிற்று. ஆனாலும் இந்த மூன்று எழுத்தும் என் காதில் தனித்தனியாக விழுந்தது, எங்கள் பாலு, பாடகர் எஸ்.பி.பாலசுப்ரமணியம், அதைத் தொலைக்காட்சியில் ஒரு வாத்தியமும் இல்லாமல் பாடியபோதுதான். பேட்டி கண்டவர் கேட்டார். இவர் நாற்காலியை விட்டு எழாமல் பல்லவியை எடுத்தார். சுருதிப் பெட்டிகூடக் கிடையாது. ளகரத்தில் நாக்கு மடிந்தது, லகரத்தில் பல்லடியைத் தொட்டுத் திரும்பியது, ழகரத்தில் எதையும் தொடாமல் அந்தரத்தில் நின்றது. நின்ற இடத்தில் ஒரு சின்ன அசைவு கொடுத்துவிட்டு இறங்கினார். அரை நிமிஷம் இருக்கும். அந்த அரை நிமிஷத்துக்காக இத்தனை வருஷமாகச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறேன்.

சண்டை நடக்கும் இடம் நாட்றாம்பாளையத்து டீக்கடை பெஞ்ச். எதிர்க்கட்சி என் மாமா. இருபது வருஷம் மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசித்தவர். அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை, ராயக்கோட்டை, ஓசூர் சந்திரசூடேஸ்வரர் தேர்த் திருவிழா என்று இந்த வட்டாரத்தில் அவர் ஏறாத மேடை இல்லை. நான் ஷிப்ட் முடிந்து ஓசூரிலிருந்து ஊருக்கு வரும் சனிக்கிழமைகளில், போனில் அந்தத் துண்டை அவருக்குப் போட்டுக் காட்டுவேன். முதல் முறை போட்டபோதே சொல்லிவிட்டார்.

“ஏண்டா மாப்ள, அந்த கித்தாருதாண்டா நிலா. பாலு வர்றது அந்த வெளிச்சத்துல நடக்க. வெளிச்சத்த அணைச்சுட்டு நடந்து காட்டுன்னா என்னாடா நியாயம்?”

மாமா சொல்வதைத் தள்ள முடியாது. சந்திரசேகர் வாசித்த அந்த கித்தார் இல்லாமல் ‘பயணங்கள் முடிவதில்லை’ படத்தை யாரும் நினைப்பதில்லை. அடுத்த ஆண்டே கல்யாண்ஜி ஆனந்த்ஜி அதே மெட்டை ‘கலாகார்’ படத்துக்காகக் கிஷோர் குமாரிடம் கொடுத்தபோதும் கித்தாரை விட்டுவிடவில்லை. மெட்டோடு அதுவும் கூடவே பம்பாய் போயிற்று. இளையராஜாவின் பாட்டில் வாத்தியம் பாடகருக்குப் பின்னால் கைகட்டி நிற்பதில்லை. அதற்கென்று ஒரு வழி உண்டு, பாடகர் வழியை அது குறுக்கே வெட்டியும் போகும். மேடையில் அந்த கித்தார் பகுதியைக் கீபோர்டில் கொண்டுவர மாமா எத்தனை இரவு பழகியிருப்பார் என்பதும் எனக்குத் தெரியும்.

ஆனால் அந்த கித்தார் இருக்கும்வரை நம் காது அதன் பின்னால்தான் போகிறது. பாலு எங்கே மூச்சு எடுக்கிறார், எந்த எழுத்தில் குரலைச் சாய்க்கிறார், எங்கே புன்னகைக்கிறார் என்பதெல்லாம் அதன் அடியில் போய்விடுகின்றன. புன்னகை என்று சும்மா சொல்லவில்லை. திரையைப் பார்க்காமல் திரும்பி உட்கார்ந்து கேட்டுப் பாருங்கள். ‘நிலா’வின் நெடிலில் அவர் வாய் அகல்வது குரலில் தெரியும்.

எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ழகரம் எளிதில் வராது. எங்கள் வீட்டில் பேசுவது தெலுங்கு, பக்கத்து வீட்டில் கன்னடம், பள்ளிக்கூடத்தில் தமிழ். கன்னடத்திலும் தெலுங்கிலும் ளகரம் உண்டு, இன்றைய பேச்சில் ழகரம் கிடையாது. பொழுது எங்களுக்குப் பொளுது, வாழைப்பழம் வாளப்பளம். ஐந்தாம் வகுப்பில் என் தமிழ் வாத்தியார் மேசைமேல் பிரம்பைத் தட்டித் தட்டிச் சொல்லிக்கொடுத்தும் வராத எழுத்து அது. பாலுவும் தெலுங்கு வீட்டுப் பிள்ளை. எம்.எஸ்.விஸ்வநாதன் முதலில் பாடக் கேட்டுவிட்டு, தமிழ் உச்சரிப்பைத் திருத்திக்கொண்டு வரச் சொன்னார் என்பதைப் பாலுவே மேடைகளில் சொல்லியிருக்கிறார். திருத்திக்கொண்டு வந்து, 1969-இல் ‘சாந்தி நிலைய’த்திலும் ‘அடிமைப் பெண்’ணிலும் பாடினார். பிறவியிலேயே வாய்த்தவரின் ழகரம் வேறு, உழைத்துப் பெற்றவரின் ழகரம் வேறு. உழைத்துப் பெற்றவர் அதை ஒவ்வொரு தடவையும் பார்த்துப் பதனமாக எடுத்து வைப்பார். வாத்தியம் இல்லாத அந்த அரை நிமிஷத்தில் எனக்குக் கேட்டது அந்தப் பதனம்தான்.

இந்த எல்லையில் இருப்பதில் ஒரு பெரிய லாபம் உண்டு. மூன்று மொழித் தொலைக்காட்சியிலும் பாலு எங்களுக்குக் கிடைத்தார். தெலுங்கில் 1996-இலிருந்து ‘பாடுதா தீயகா’. கன்னடத்தில் ‘எதெ தும்பி ஹாடுவெனு’, நெஞ்சு நிறையப் பாடுவேன் என்று பொருள், ஜி.எஸ்.சிவருத்ரப்பாவின் கவிதையிலிருந்து வந்த பெயர். தமிழில் ‘என்னோடு பாட்டுப் பாடுங்கள்’. ஓசூரில் நாங்கள் நாலு பேர் தங்கியிருந்த வாடகை அறையில் தெலுங்கு பேசுகிறவன் ஒருவன், கன்னடம் பேசுகிறவன் ஒருவன். ரிமோட்டுக்கு அடிபிடி வந்தாலும் எந்தச் சேனலிலும் இருப்பது அதே ஆள்தான். மேடையில் குழு உட்கார்ந்திருக்கும். ஆனால் நான் காத்திருந்தது குழு வாசிக்கும் நேரத்துக்கு இல்லை. ஒரு பிள்ளை பாடி முடிக்கும், இவர் அருகில் போவார் அல்லது இருந்த இடத்திலிருந்தே மைக்கை எடுப்பார். இந்த வரி எப்படிப் பிறந்தது, இசையமைப்பாளர் எப்படிச் சொல்லிக்கொடுத்தார், தான் முதலில் எப்படித் தப்பாகப் பாடினேன் என்று ஒரு கதை வரும். கதையின் நடுவிலேயே பாட்டு ஆரம்பித்திருக்கும். எந்த இடத்தில் பேச்சு பாட்டானது என்று பிடிக்கவே முடியாது.

எத்தனையோ முறை பார்த்த பிறகுதான் அது என்ன என்று எனக்குப் பிடிபட்டது. பாலுவின் தந்தை சாம்பமூர்த்தி ஹரிகதைக் கலைஞர். ஹரிகதையில் பக்கவாத்தியம் உண்டுதான். ஆனால் கதை சொல்கிறவர் நினைத்த இடத்தில் அதை நிறுத்துவார், வெறுங்குரலில் ஒரு வரியைச் சொல்லுவார், இழுப்பார், அழுவார், சிரிப்பார், மறுபடி தாளத்துக்குள் வருவார். எங்கள் பக்கம் தர்மராஜா கோயில்களில் பாரதம் நடக்கும்போது பகலில் பிரசங்கியார் செய்வதும் ஏறக்குறைய இதேதான். துகில் உரிகிற இடம் வந்தால் ஆர்மோனியக்காரர் தானாகவே கையை எடுத்துவிடுவார். அதை அறிந்தவர்கள் யாரும், வாத்தியம் நின்றதால் பாட்டு குறைந்தது என்று சொல்லமாட்டார்கள். தொலைக்காட்சியின் அந்த நாற்காலியில் பாலு தன் அப்பாவின் தொழிலைத்தான் செய்துகொண்டிருந்தார் என்று நான் நம்புகிறேன். ஸ்டுடியோ அவருக்கு அதற்கு இடம் கொடுத்ததில்லை. ஸ்டுடியோவில் எல்லாம் எழுதி வைத்த கணக்கு. நான்கு நிமிஷத்துக்குள் சொல்லி முடிக்க வேண்டும்.

பாலுவைக் கொண்டாடுகிறவர்களோடும் எனக்குச் சில மனத்தாங்கல் உண்டு. முதலாவது, எண்ணிக்கைக்காரர்கள். 1981-இல் இசையமைப்பாளர் உபேந்திரகுமாருக்காக ஒரே நாளில் 21 கன்னடப் பாட்டு பாடினார் என்பதை எங்கள் பக்கத்தில் சின்னப் பையன்கூடச் சொல்லுவான். உண்மைதான், பெரிய காரியம்தான். ஆனால் அந்த 21-இல் ஒன்றைப் பாடிக் காட்டு என்றால் விழிப்பார்கள். இரண்டாவது, மூச்சுவிடாமல் பாடுவதைச் சொல்லிச் சொல்லி மாய்கிறவர்கள். ‘கேளடி கண்மணி’யின் அந்த ஒரு பாட்டு போதும் அவர்களுக்கு. என் ஆசை நேர் எதிர்ப்பக்கம். பாலு மூச்சு விடும் இடங்களைக் கேட்கத்தான் நான் ஏங்குகிறேன். ஒரு வரி முடிந்து அடுத்த வரிக்கு முன்னால் அவர் எடுக்கிற மூச்சு, அந்த அடுத்த வரி எந்த உணர்ச்சியில் வரப்போகிறது என்பதை முன்கூட்டியே சொல்லிவிடும். சோகம் என்றால் மூச்சு மூக்கு வழியாக மெல்ல ஏறும். குறும்பு என்றால் வாய் வழியாகச் சட்டென்று உள்ளே போகும். பதிவுகளில் இதைத் தேடித் தேடித்தான் கேட்க வேண்டும். வாத்தியம் இல்லாத நேரத்தில் பக்கத்தில் உட்கார்ந்ததுபோல் கேட்கும்.

கொண்டாடாத ஒருவரோடும் வழக்கு உண்டு, என் கன்னட நண்பர். டாக்டர் ராஜ்குமாரின் பக்தர். “அண்ணாவ்ரு தன் முகத்துக்குத் தானே பாடினார், உங்க பாலு ஊர்ல இருக்கிற எல்லா முகத்துக்கும் பாடினார். எது சத்தியம்?” என்பார். பி.பி.ஸ்ரீனிவாஸ் பாடிக்கொண்டிருந்த இடத்தில் 1974-இல் ‘சம்பத்திகெ சவால்’ படத்துக்காக ராஜ்குமார் தானே தொடர்ந்து பாடத் தொடங்கியதை அவர் ஒரு புரட்சிபோல் சொல்லுவார். ராஜ்குமாரின் குரல் நாடக மேடையில் விளைந்தது. குப்பி வீரண்ணா கம்பெனி ஆள். மைக் இல்லாமல் கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டிய குரல். அதன் பெருமையை நான் குறைக்கமாட்டேன். ஆனால் ஒரு முகத்துக்குப் பாடுவதைவிடப் பல முகத்துக்குப் பாடுவது கடினம். விஷ்ணுவர்தனுக்குப் பாடினால் விஷ்ணுவர்தன், ரஜினிக்குப் பாடினால் ரஜினி, மோகனுக்குப் பாடினால் மோகன். இத்தனை பேரையும் கழற்றி வைத்த பிறகு அடியில் இருக்கிற ஆள் யார்? அது தெரிவது அந்த நாற்காலியில் மட்டும்தான். முகமும் இல்லை, குழுவும் இல்லை. ‘சங்கீத சாகர கானயோகி பஞ்சாக்ஷர கவாயி’ என்ற கன்னடப் படத்தின் பாட்டுக்காகப் பாலு தேசிய விருது வாங்கியவர் என்பதைச் சொல்லும்போது மட்டும் என் நண்பர் கொஞ்சம் இறங்கி வருவார்.

2017-இல் பாட்டு யாருடையது என்ற பேச்சு நாடெங்கும் வந்தது. பாலு தன் ஐம்பதாண்டுச் சுற்றுப்பயணத்தில் அமெரிக்காவில் பாடிக்கொண்டிருந்தபோது இளையராஜா தரப்பிலிருந்து நோட்டீஸ் போனது. ராஜா பாட்டுகளை இனி மேடையில் பாடமாட்டேன் என்று அவர் அறிவித்தார். மாமா அன்று டீ குடிக்கவில்லை. ஒரு காலத்தில் பாலுவின் குழுவிலேயே ராஜாவும் அவர் சகோதரர்கள் பாஸ்கரும் கங்கை அமரனும் வாசித்தவர்கள். குழுவும் பாடகரும் பிரிந்தால் என்ன ஆகும் என்பது மாமாவுக்குச் சொந்த அனுபவம். 2019 ஜூனில் இருவரும் ஒரே மேடைக்கு வந்த அன்றுதான் அவர் அந்தப் பேச்சை விட்டார். அடுத்த வருஷம் செப்டம்பர் 25-ஆம் தேதி பாலு காலமானதோடு எல்லாம் முடிந்துபோயிற்று.

இப்போது தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டிகளைப் பார்க்க என்னால் முடிவதில்லை. பிள்ளைகள் திறமைசாலிகள், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் காதுக்கு வருவது அவர்கள் குரல்தானா என்று தெரியவில்லை. சுருதி விலகிய இடமெல்லாம் இழுத்து நேராக்கி, வழவழவென்று தேய்த்துக் கொடுக்கிறார்கள். மூச்சுச் சத்தத்தைத் துடைத்துவிடுகிறார்கள். ஒரு வரி முடிவதற்குள் நடுவர்கள் எழுந்து நிற்கிறார்கள், வெடி வெடிக்கிறது, அம்மா அழுவதைக் காட்டுகிறார்கள். அந்த வரி எப்படி முடிந்தது என்று கடைசிவரை தெரிவதில்லை.

ஊர்த் திருவிழாவிலும் குழு போய்விட்டது. லேப்டாப்பில் ட்ராக் போடுகிறார்கள், பிள்ளைகள் அதன்மேல் பாடுகிறார்கள். போன வருஷம் எங்கள் ஊர் மாரியம்மன் விழாவில் எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி பாடினாள். கன்னட வீட்டுப் பிள்ளை. ழகரம் வரும் இடத்தில் அதைச் சரியாகச் சொல்ல வேண்டும் என்று ஒரு நொடி கூடுதலாக எடுத்துக்கொண்டாள். எழுத்து அழகாக வந்தது. அதற்குள் ட்ராக் அவளை விட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போயிருந்தது. பிடிக்க ஓடினாள், அதற்குப் பிறகு ஒரு வரியும் நிற்கவில்லை. பக்கத்தில் நின்ற மாமாவின் முகத்தைப் பார்த்தேன்.

“தபலாக்காரன் இருந்தா நின்னிருப்பாண்டா,” என்றார். “ஒரு சுத்து சும்மா வாசிச்சு, புள்ள வர்ற வரைக்கும் புடிச்சு வெச்சிருப்பான். ட்ராக் நிக்குமா?”

அன்று ராத்திரி டீக்கடை அடைக்கும் நேரத்தில் அவரே கேட்டார், அந்தத் துண்டைப் போடச் சொல்லி. போனை பெஞ்சின்மேல் வைத்தேன். எதிரே காட்டுப் பக்கம் ஒரு வெளிச்சமும் இல்லை. பாலு ஆரம்பித்தார். மாமாவின் வலது கை பெஞ்சுப் பலகைமேல் தானாக ஊர ஆரம்பித்தது. அந்த கித்தார்தான்; ஒவ்வொரு தந்தியாகப் பிரித்து, சத்தம் வராமல், விரல் நுனியால் மட்டும் வாசித்தார். ளகரம் போயிற்று, லகரம் போயிற்று. ழகரத்தில் பாலு பதிவில் இருப்பதைவிடக் கொஞ்சம் அதிகம் தங்கினார். மாமாவின் விரலும் பலகையைத் தொடாமல் அப்படியே நின்றது.