கோர்சேர் 4000டி ஏர்ஃப்ளோ: நம் ஊர் வெயிலுக்கும் தூசுக்கும் தாங்கும் கேபினெட்

புது கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்ய நினைப்பவர்கள் பிராசசரையும் கிராஃபிக்ஸ் கார்டையும் பற்றி மாதக்கணக்கில் விசாரிப்பார்கள். கேபினெட் என்று வரும்போது மட்டும் கையில் என்ன மிச்சம் என்று பார்ப்பார்கள். ரிச்சி ஸ்ட்ரீட்டில் குறைந்த விலையில், முன்னால் முழுக் கண்ணாடியும் நாலு கலர் ஃபேனுமாக ஒன்றைக் கடைக்காரர் எடுத்து வைப்பார். பார்க்க ஜோராக இருக்கும், உடனே பில் போட்டுவிடுவோம். அந்தக் கண்ணாடி காற்றை எப்படி அடைக்கிறது என்பது முதல் கோடையில்தான் தெரியவரும்.

கேபினெட் எதையும் குளிர வைப்பதில்லை. அறையில் இருக்கும் காற்றை உள்ளே விட்டு, சூடான காற்றை வெளியே அனுப்புவது மட்டும்தான் அதன் வேலை. வெளிநாட்டு விமர்சகர்கள் பெரும்பாலும் இருபத்தி சொச்சம் டிகிரி அறையில் வைத்துச் சோதிக்கிறார்கள். அங்கே சுமாரான கேபினெட்டும் தப்பித்துவிடும். ஏ.சி. போடாத சென்னை வீட்டில் மே மாதப் பகலில் அறையே 34, 35 டிகிரி. அவர்களுக்குக் கையிருப்பாக இருக்கும் அந்தப் பத்துப் பன்னிரண்டு டிகிரியை நாம் கம்ப்யூட்டரை ஆன் செய்வதற்கு முன்பே செலவழித்துவிடுகிறோம். அதனால் கேபினெட்டில் காற்றோட்டம்தான் முதல் தகுதி, மற்றதெல்லாம் அதற்குப் பிறகு என்பது என் முடிவு. அந்த முடிவோடு தேடினால் திரும்பத் திரும்ப வந்து நிற்கும் பெயர் கோர்சேர் 4000டி ஏர்ஃப்ளோ.

2020 செப்டம்பரில் வெளியான மிட் டவர் இது. அமெரிக்காவில் அப்போது சுமார் 80 டாலர். அதே சட்டத்தில் மூன்று உருவங்கள் வந்தன: முன்பக்கம் மூடிய இரும்புத் தகடோடு வெறும் 4000டி, கண்ணாடி முகமும் விளக்கு ஃபேன்களுமாக 4000எக்ஸ், துளையிட்ட தகடோடு இந்த ஏர்ஃப்ளோ. நம் ஊருக்கு மூன்றாவதைத் தவிர மற்ற இரண்டையும் நான் சிபாரிசு செய்யமாட்டேன். கடையில் பெட்டியின் மேலே ‘4000டி’ என்று பார்த்ததும் எடுத்துவிடாமல், ‘ஏர்ஃப்ளோ’ என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள்.

அக்கா மகளுக்காக இதில் ஒரு கம்ப்யூட்டர் கட்டினேன். அவள் விஸ்காம் படிக்கிறாள், வேலை முழுக்க வீடியோ எடிட்டிங். கோர் ஐ5 12400எஃப் பிராசசர், ஆர்.டி.எக்ஸ். 4060 கார்டு. பிராசசர் உச்சத்தில் 117 வாட், கார்டு 115 வாட். ரெண்டரிங் ஓடும்போது இருநூறு வாட்டை ஒட்டிய வெப்பம் அந்தப் பெட்டிக்குள் பிறந்து, அறைக்குள்தான் வந்து சேரும். பெட்டியைப் பிரித்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி, “என்ன மாமா, லைட்டே இல்லையா?” இல்லை. இருப்பவை இரண்டு கறுப்பு 120 மில்லிமீட்டர் ஃபேன்கள், முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. கலர் வேண்டுமென்றால் பிறகு போட்டுக்கொள்ளலாம். காற்று வரும் வழி சின்னதாக இருந்தால் அதைப் பிறகு பெரிதாக்க முடியாது.

முன்தகட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், இந்த கேபினெட்டின் உயிர் அங்கேதான் இருக்கிறது. மேலிருந்து கீழ்வரை முக்கோணத் துளைகள் போட்ட இரும்புத் தகடு. அடிப்பக்கம் பிடித்து இழுத்தால் கையோடு வந்துவிடும், ஸ்க்ரூ டிரைவர் தேவையில்லை. பவர் பட்டனும் யு.எஸ்.பி. துளைகளும் மேல்புறச் சட்டத்தில் இருப்பதால் தகட்டோடு எந்த வயரும் கூட வராது. விலை குறைந்த கேபினெட்டுகள் பலவற்றில் முன்பக்கத்தைக் கழற்றினால் விளக்கு வயரும் பட்டன் வயரும் சேர்ந்து இழுபடும், ஒரு முறை பயந்தவர் அப்புறம் சுத்தம் செய்யவே மாட்டார். இங்கே அந்தப் பயம் இல்லை.

தகட்டுக்குப் பின்னால் மெல்லிய வலை ஃபில்டர். சென்னைத் தூசு வெறும் பொடியாக மட்டும் வருவதில்லை. சாலைப் புழுதியும் துணி நாரும் கடல் காற்றின் ஈரத்தோடு கலந்து, சாம்பல் நிறத்தில் கம்பளி போலப் படியும். வலையை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் ஃபேனுக்கு எதிரே இருக்கும் இடம் மட்டும் வட்டமாக அடைத்திருக்கும். காற்று எங்கிருந்து உள்ளே போகிறது என்பதற்கு அதைவிட நல்ல படம் கிடையாது. குழாயடியில் பின்பக்கமிருந்து தண்ணீரை விட்டால் அந்தப் படலம் தோல் உரிவதைப் போலக் கழன்று விழும். நன்றாகக் காய்ந்த பிறகே மாட்டவேண்டும். மெயின் ரோட்டுப் பக்கத்து வீடென்றால் மாதம் ஒருமுறை தேவைப்படும். பிரஷ்ஷால் தட்டுவது போதாது, ஈரத்தோடு ஒட்டிய தூசு அதற்கு அசையாது.

ஃபில்டரைக் கழற்றிவிட்டால் சூடு இன்னும் இரண்டு மூன்று டிகிரி குறையும் என்று சிலர் சொல்வார்கள். குறையும்தான். ஆனால் அந்தத் தூசு முழுக்க பிராசசர் கூலரின் தகடுகளுக்கு இடையில் போய் அடைத்துக்கொண்டு, சில மாதங்களில் அந்த லாபத்தைத் தின்றுவிடும். கழற்றாதீர்கள்.

மேல்புறத்தில் காந்தத்தில் ஒட்டும் வலை ஒன்று, அடியில் எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்குக் கீழே இழுத்து எடுக்கும் ஃபில்டர் ஒன்று. மேல்வலை தேவையா என்று வெளிநாட்டு வாசகர் கேட்கலாம், சூடான காற்று வெளியேறும் இடம்தானே அது. தலைக்கு மேல் சீலிங் ஃபேன் சுற்றும் வீட்டில், கம்ப்யூட்டர் ஆஃப் ஆகியிருக்கும் நேரமெல்லாம் தூசு மேலிருந்துதான் இறங்குகிறது. அந்த வலை இருக்கட்டும்.

இன்னொரு விஷயம், பல்லி. பின்பக்கக் கார்டு ஸ்லாட் மூடிகள் மலிவான பெட்டிகளில் உடைத்து எடுக்கும் வகை. ஒருமுறை உடைத்தால் அந்த ஓட்டை நிரந்தரம். இரவில் கதகதப்பைத் தேடி வரும் பல்லிக்கும் கரப்பானுக்கும் அது வாசல். மதர்போர்டின் மேலோ எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்குள்ளோ பல்லி மாட்டி ஷார்ட் ஆன கதையை எந்த சர்வீஸ் கடையில் கேட்டாலும் சொல்வார்கள். 4000டியில் ஏழு மூடிகளும் திருகு போட்டவை, கார்டை எடுத்தால் மூடியைத் திரும்பப் போட்டுக்கொள்ளலாம். ஒன்றையும் தூக்கிப் போடாமல் பெட்டியிலேயே வைத்திருங்கள்.

அசெம்பிள் செய்ய வசதியான பெட்டி. நீளம் 453, அகலம் 230, உயரம் 466 மில்லிமீட்டர், எடை ஏறக்குறைய எட்டு கிலோ. ஏ.டி.எக்ஸ். போர்டு தாராளமாக உட்காருகிறது. 170 மில்லிமீட்டர் உயரம் வரை கூலர் போடலாம் என்பதால் 165 மில்லிமீட்டர் நாக்டுவா என்.எச்.டி15 போன்ற ராட்சதக் கூலரும் உள்ளே போகும். கார்டுக்கு 360 மில்லிமீட்டர் இடம். முன்னால் ரேடியேட்டர் போட்டால் அந்த அளவு குறையும், கார்டு வாங்குவதற்கு முன் அதைக் கழித்துக் கணக்குப் பாருங்கள். முன்பக்கம் 360 ரேடியேட்டர் வரை ஏற்கும். மேலே 240 அல்லது 280 மட்டும்தான், அதுவும் ரேம் உயரமாக இருந்தால் இடிக்கும். தண்ணீர்க் கூலரை மேலேதான் வைப்பேன், அதுவும் 360தான் என்பவர்களுக்கு இந்தப் பெட்டி சரிப்படாது.

மதர்போர்டுக்கு வலப்புறம் நீளமான இரும்புப் பட்டை ஒன்று வயர் வரும் துளைகளை மறைக்கிறது. பின்னால் 25 மில்லிமீட்டர் இடைவெளி, வயர்களைக் கட்டிப்போடக் கொக்கிகள். மாடுலர் எஸ்.எம்.பி.எஸ். என்றால் இந்த இடம் போதும். வயர்கள் நிரந்தரமாக ஒட்டியிருக்கும் மலிவு வகை என்றால் தேவையில்லாத வயர்களை எல்லாம் ஹார்ட் டிஸ்க் கூண்டுக்குப் பக்கத்தில் திணிக்க வேண்டிவரும், பின் கதவு மூட மறுக்கும். பிராசசருக்கான எட்டு பின் வயரை போர்டை முடுக்குவதற்கு முன்பே மேல் மூலைத் துளை வழியாக இழுத்துவிடுங்கள், பிறகு அங்கே விரல் நுழையாது. ஹார்ட் டிஸ்க் இரண்டும், 2.5 அங்குல எஸ்.எஸ்.டி. இரண்டும் வைக்கலாம். நிறைய டிஸ்க் வைத்துப் படம் சேர்ப்பவர்கள் வேறு பெட்டி பார்க்கவேண்டும்.

இனி ஃபேன். கூட வரும் இரண்டும் மூன்று பின் வகை. மதர்போர்டின் பயோஸில் அந்த ஃபேன் ஹெடரை டி.சி. என்று மாற்றவேண்டும். பி.டபிள்யூ.எம். என்றே விட்டால் எப்போதும் முழு வேகத்தில்தான் சுற்றும். “புதுசு ஏன் இவ்வளவு சத்தம்” என்று கேட்பவர்கள் பலருக்கு அந்த ஒரு மாற்றமே போதும். முன்னால் ஒரே ஒரு ஃபேன் என்பது என் கணக்கில் குறைவு. 120 மில்லிமீட்டரில் மூன்று வைக்க இடம் விட்டுவிட்டு ஒன்றோடு நிறுத்திவிட்டார்கள். ஆர்டிக் பி12 போல இரண்டை வாங்கி முன்னால் சேர்த்தேன். முன்னால் மூன்று இழுக்க, பின்னால் ஒன்று தள்ள, பெட்டிக்குள் காற்றழுத்தம் வெளியைவிடச் சற்றுக் கூடுதலாக இருக்கும். இடுக்குகள் வழியாகக் காற்று வெளியேதான் போகும், தூசு உள்ளே வரும் வழி ஃபில்டர் உள்ள முகப்பு மட்டும் என்றாகிவிடும்.

ஒரு கேபினெட் மூச்சுத் திணறுகிறதா என்று பார்க்க எளிய வழி உண்டு. ரெண்டரிங்கோ விளையாட்டோ அரைமணி ஓட்டிவிட்டு கார்டின் வெப்பத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு பக்கக் கண்ணாடியைக் கழற்றி வைத்து அதையே ஓட்டுங்கள். பத்து டிகிரி இறங்கினால் குற்றம் பெட்டியுடையது. இதில் இறங்கியது இரண்டு மூன்று டிகிரிதான். மத்தியான வெயிலில் ஏ.சி. இல்லாத அறையில், கார்டு எழுபதுகளின் தொடக்கத்தில் நின்றது. பின்பக்க ஃபேனுக்கு நேரே கை வைத்தால் வெதுவெதுப்பான காற்று விடாமல் வந்துகொண்டே இருந்தது.

துளை முகப்பு என்பதால் உள்ளே எழும் சத்தமும் வெளியே வரும். இரவில் பாட்டு மிக்ஸ் செய்பவர்களுக்கு இது உறுத்தலாம். ஃப்ராக்டல் டிஃபைன் வரிசை போல உள்ளே சத்தம் தடுக்கும் அட்டை ஒட்டிய பெட்டிகள் அவர்களுக்குப் பொருந்தும். சீலிங் ஃபேன் நாலில் ஓடும் அறையில் எனக்கு இதன் சத்தம் காதில் விழவில்லை.

குறை என்று நான் அழுத்திச் சொல்வது முன்பக்க இணைப்புகளை. ஒரு சாதாரண யு.எஸ்.பி., ஒரு டைப் சி, ஹெட்செட் துளை ஒன்று, அவ்வளவுதான். பென் டிரைவைச் செருகிவிட்டு கார்டு ரீடருக்கு இடம் தேடவேண்டும். படம் எடுப்பவர்களுக்கு இது தினசரித் தொந்தரவு. இந்த விலையில் இரண்டாவது யு.எஸ்.பி. துளையை எதிர்பார்ப்பது நியாயம்தான். கனமான கார்டைத் தாங்க முட்டுக் கொடுக்கும் துண்டும் இல்லை. கார்டைச் செங்குத்தாக நிறுத்த ஸ்லாட் கொடுத்திருக்கிறார்கள், ஆனால் அதற்கான ரைசர் கேபிளைத் தனியாக வாங்கவேண்டும். அப்படி நிறுத்தினால் கார்டின் ஃபேன்கள் கண்ணாடியை ஒட்டி நின்று திணறும் என்பதால் அந்தப் பக்கமே போகவேண்டாம் என்பேன்.

பெட்டியை எங்கே வைக்கிறோம் என்பதும் இதோடு சேர்ந்தது. பழைய கம்ப்யூட்டர் டேபிள்களில் கீழே கதவு போட்ட அறை ஒன்று இருக்கும். 230 மில்லிமீட்டர் அகலம் அதில் நுழைந்தாலும் நுழைக்காதீர்கள். பின்னால் தள்ளிய சூடான காற்று அந்த மர அறைக்குள்ளேயே சுற்றி மறுபடி முன்னால் வந்து நுழையும், முகப்பில் எத்தனை துளை இருந்தும் பயனில்லை. தரையில் நேராக வைத்தால் பெருக்கும் தூசும் துடைக்கும் தண்ணீரும் அடி ஃபில்டருக்குள் போகும். சக்கரம் வைத்த சின்ன ஸ்டாண்டு ஒன்று போதும். சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி நிறுத்துங்கள்.

2025இல் ஃப்ரேம் 4000டி என்று அடுத்த தலைமுறை வந்துவிட்டது. கார்டுக்கு முட்டு, பின்பக்கமாக வயர் செருகும் புது வகை மதர்போர்டுகளுக்கு இடம் என்று சில நல்ல மாற்றங்கள் அதில் உண்டு. பெரிய, கனமான கார்டு வாங்குகிறவர்கள் அதற்கே போகலாம். 4060, 4070 அளவில் நிற்பவர்களுக்கு, பழையது விலை குறைந்து கிடைக்குமானால் அதுவே போதும். மிச்சமாகும் பணத்தில் முன்னால் போட இரண்டு ஃபேனை அன்றே வாங்கிவிடுங்கள், பிறகு வாங்கலாம் என்றால் அது நடக்காது. கடையை விட்டுக் கிளம்பும் முன் அட்டைப்பெட்டியைத் திறந்து பக்கக் கண்ணாடியின் நான்கு மூலைகளையும் விரலால் தடவிப் பாருங்கள். மூலையில் சின்னச் சில்லு பெயர்ந்திருந்தாலும் மாற்றித்தரச் சொல்லுங்கள், டெம்பர்ட் கண்ணாடி உடைவது பெரும்பாலும் அங்கிருந்துதான்.