வலிமை தாங்கிய பெயர்கள்: ஜெர்மானியப் பெண் பெயர் மரபு

பழைய ஜெர்மானிய இனத்தார் பெரும்பாலும் இரண்டு சொற்களை ஒட்டிப் பிள்ளைகளுக்குப் பெயர் வைத்தார்கள். தந்தை பெயரில் பாதி, தாய் பெயரில் பாதி என்று எடுத்து ஒட்டுவதும் உண்டு. ஒட்டி வந்ததற்கு முழுப்பொருள் கிடைக்கிறதா என்று பெரிதாகப் பார்க்கவில்லை. ஹில்டெகுண்ட் என்ற பெயரின் இரு பாதிக்கும் 'போர்' என்றே பொருள். அதைத் திருப்பிப் போட்டால் குன்ஹில்ட். அதுவும் பெண் பெயர்தான். பெயர்ப் புத்தகங்கள் 'ஈட்டியின் வலிமை கொண்ட வீரமங்கை' என்றெல்லாம் கட்டும் விளக்கங்களை இதை மனத்தில் வைத்துத்தான் படிக்க வேண்டும்.

வலிமையைச் சொல்லும் பாதிகளில் 'த்ரூத்' பல கிளைகளிலும் பரவியது. பிராங்கியரிடம் அது 'ஈட்டி'யோடு சேர்ந்து கெர்ட்ரூட் ஆயிற்று. அப்பெயருக்குப் புகழ் தேடித் தந்தவரோ ஈட்டி ஏந்தியவர் அல்லர். இன்றைய பெல்ஜியத்தில் நிவெல் என்னும் ஊரின் மடத்துத் தலைவி, 659-இல் இறந்தார். ஓவியங்களில் அவர் கையிலுள்ள கோலில் எலிகள் ஏறிக்கொண்டிருக்கும். எலித் தொல்லை தீர மக்கள் வேண்டிக்கொள்வது அவரிடம்தான். அவர் திருநாளான மார்ச் 17, ஜெர்மன் நாட்டுப்புறத்தில் தோட்டவேலை தொடங்கும் நாள்.

ஆங்கிலோ-சாக்சன்கள் அதே பாதியைக் கடைசியில் வைத்து எத்தெல்த்ரித் என்றார்கள்: மேன்மை, வலிமை. 673-இல் ஈலி நகரில் மடம் நிறுவிய அரசியின் பெயர் அது. மக்கள் வாயில் தேய்ந்து ஆட்ரி ஆகிவிட்டது. நார்ஸ் புராணத்திலோ இந்தப் பாதி தனித்தே நிற்கிறது: இடிக்கடவுள் தோரின் மகள் பெயர் த்ரூத்.

வலிமையைச் சொல்லக் கோத்தியர் விரும்பிய பாதி 'ஸ்விந்த்'. ஆஸ்த்ரகோத்திய மன்னன் தியோடெரிக்கின் மகள் அமலசுந்தா 526 முதல் மகனுக்காக இத்தாலியை ஆண்டாள். 535-இல் போல்சேனா ஏரித் தீவொன்றில் கொல்லப்பட்டாள். விசிகோத்திய இளவரசி கால்ஸ்விந்தா பிராங்கிய மன்னனை மணந்து, கொஞ்ச காலத்திலேயே அவன் அரண்மனையில் உயிரிழந்தாள். பெயரில் ஸ்விந்த் இருந்தது. பக்கத்தில் படை இல்லை.

பெயரும் ஆளும் ஒத்துப்போனதென்றால் என் கணக்கில் அது மத்தில்டாவிடம்தான்: 'ஆற்றல்', 'போர்' என இரு பாதிகள். டஸ்கனியை ஆண்ட மத்தில்டா (1046–1115) போப்பின் பக்கம் நின்று பேரரசர் தரப்போடு பல ஆண்டுகள் போரிட்டவர். 1077 ஜனவரிக் குளிரில் ஜெர்மன் மன்னன் நான்காம் ஹென்றி போப்பின் மன்னிப்புக்காக மூன்று நாள் காத்து நின்றது அவருடைய கனோஸா கோட்டை வாசலில்தான்.

இன்று ஜெர்மனியில் பிறக்கும் பெண் குழந்தைக்குக் கெர்ட்ரூட் என்று பெயர் வைப்பார் அரிது. அது பாட்டிமார் பெயராகிவிட்டது. மத்தில்டாவுக்கோ மறுபடி மவுசு வந்திருக்கிறது. வீட்டில் டில்டா என்று சுருக்கிக் கூப்பிடுவதும் உண்டு.