உறைக்குள் ஒளிந்த ஆசான்

புணேயை அடுத்த நிக்டியில் வாழும் தமிழ் அன்பர்கள் சிலர், மராத்தியிலும் ஆங்கிலத்திலும் பாடம் படிக்கும் தம் பிள்ளைகளுக்கு யொஸ்டைன் கார்டெரின் 'சோஃபியின் உலகம்' நூலை, ஆர். சிவகுமாரின் தமிழாக்கத்திலேயே தேடி வாங்கிப் பரிசளிக்கிறார்கள். பாராட்டத்தக்க காரியமே. ஆயினும், தத்துவப் பாடங்கள் மர்மக் கடிதங்களாக வருவதால் குழந்தை தானே சிந்திக்கத் தொடங்கிவிடுகிறது என்று அவர்கள் கூறும் சமாதானம் எனக்கு உடன்பாடில்லை.

1991-இல் நார்வேயில் வெளியான அந்நூல், தேலீஸ் முதல் சார்த்தர் வரையிலான மேலைத் தத்துவ சரித்திரத்திற்குத் தெளிவான துணைநூல் என்பதில் ஆக்ஷேபமில்லை; இந்தியச் சிந்தனை அதில் சில பக்கங்களில் முடிந்துபோவதையும் நான் பெரிதுபடுத்தவில்லை.

என் நெடுநாள் குறை வேறு. தான் யார், உலகம் எங்கிருந்து வந்தது என்ற இரு வினாக்கள் அஞ்சல் பெட்டியில் கிடக்கக் கண்ட சிறுமி சோஃபியின் வியப்பு, சில பக்கங்களுக்குள்ளேயே, அவற்றை அங்கே இட்டவர் யார் என்ற துப்பறியும் ஆவலாகத் திரிந்துவிடுகிறது. வாசிக்கும் பிள்ளையோ, முன்பின் அறியாத ஹில்டே என்பவளுக்கு வரும் வாழ்த்து அட்டைகளின் மர்மத்தைத் துரத்தும் வேகத்தில், பிளேட்டோவையும் ஸ்பினோசாவையும் தாண்டி ஓடுகிறது. கடிதம் எழுதியவர் ஒளிந்திருக்கும்வரை அவரை மறுத்துப் பேச வழியில்லை. கடிதம் எழுதிய ஆல்பர்ட்டோ நேரில் வந்த பின்னரும் சோஃபிக்கு வாய்ப்பது பெரும்பாலும் தலையசைக்கும் வேலைதான். அவ்விருவரும் ஒரு மேஜரின் கற்பனையே என்று வெளிப்படும் திருப்பம் சாமர்த்தியமானது. ஆனால் கண்ணுக்குத் தெரியாத கர்த்தாவின் ஆதிக்கத்தைப் பரிகசிக்கும் அந்நூலே, அதே ஆதிக்கத்தை வாசகப் பிள்ளையின்மேல் செலுத்துகிறது.

1928-இல் முசூரியிலிருந்த மகளுக்கு நேரு எழுதிய கடிதங்களும் போதனைதாம். எனினும் அனுப்பியவர் தந்தை என்று தெரியும், திருப்பிக் கேட்கலாம். நம் மணிமேகலையோ இதற்கு நேர்மாறு: வஞ்சியில் வேற்றுருவம் பூண்டு நிற்பவள் மாணவி, ஆசிரியர்கள் வெளிப்படையாக நின்று தம் மதம் உரைக்கிறார்கள். காட்சியளவையொன்றே மெய் எனும் பூதவாதியை நோக்கி நகைத்து, உன் தாய்தந்தையரை அனுமானமின்றி எவ்வாறு அறிந்தாய் என்று அவள் கேட்கும் ஒரு வினாவுக்கு, சோஃபியின் ஆமோதிப்புகள் அனைத்தும் ஈடாகா.

ஆகவே, இப்புத்தகத்தைப் பரிசளிக்கும் பெற்றோரை ஒன்று வேண்டுகிறேன்: ஒவ்வொரு கடிதம் முடிந்ததும், மர்மத்தைத் தொடரவிடாமல் நிறுத்தி, அதற்கு ஒரு மறுப்புக் கடிதம் எழுதப் பிள்ளையிடம் சொல்லுங்கள்.