டப்பாவில் சிரித்த குழந்தை

மைசூரு என்றதும் பலருக்குப் பாகும் பட்டும் நினைவுக்கு வரும். எனக்கு அமுல் பால்பவுடர் டப்பா.

எருமைப் பாலில் கொழுப்பு அதிகம், பச்சிளங்குழந்தைக்குச் செரிக்காது. அதில் குழந்தை உணவு தயாரிப்பது நடக்காத காரியம் என்று ஒருகாலத்தில் நினைத்தார்கள். மைசூருவில் இளவரசி ஒருவருக்காகக் கட்டிய செலுவாம்பா மாளிகையில் 1950இல் தொடங்கிய சிஎஃப்டிஆர்ஐ என்ற உணவுத் தொழில்நுட்ப ஆய்வுக்கூடம்தான் அதை நடத்திக்காட்டியது. குஜராத்தின் ஆனந்தில் அமுல் அந்த உணவை டப்பாவில் அடைத்தது.

அந்த டப்பாவின் அழகே தனி. மூடியை ஸ்பூன் காம்பால் நெம்பினால் 'டப்' என்று திறக்கும். இனிப்பான பால் வாசனை குப்பென்று வரும். அம்மா பார்க்காதபோது ஒரு கரண்டி வாயில் போட்டால் மேலண்ணத்தில் அப்பிக்கொள்ளும். பவுடர் தீர்ந்ததும் டப்பா துவரம்பருப்புக்கோ புளிக்கோ போய்விடும். தேய்க்கத் தேய்க்க எழுத்தெல்லாம் அழிந்தாலும் படத்திலிருந்த குழந்தை மட்டும் சிரித்துக்கொண்டிருக்கும். கன்னம் கொழுகொழுவென்றிருந்த பிள்ளைகளெல்லாம் தெருவில் 'அமுல் பேபி'தான்.

1966இல் வந்த அமுல் வெண்ணெய் விளம்பரச் சிறுமி வேறு ரகம். புள்ளிச் சட்டையும் நீல முடியுமாக, அரசியல், சினிமா, கிரிக்கெட் என்று எதையும் விடாத வாயாடி. ஊருக்கெல்லாம் அவளைத்தான் பிடிக்கும். என் ஓட்டு, எதுவும் பேசாமல் பருப்பைக் காவல் காத்த அந்தப் பொக்கைவாய்க்குத்தான்.